நான்கு மணி நேரம் ஓட்டியும் விடிவதற்குள் இறங்கிவிடும் வேன் பேட்டரி: மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி – பொள்ளாச்சி

வணக்கம். 2016-ஆம் ஆண்டு டீசல் வேன் ஒன்றில் படுக்கை, சமையல் வசதிகளைச் செய்து, குடும்பத்துடன் பயணம் போக வைத்திருக்கிறோம். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரி முன்னால் இருக்கிறது. விளக்கு, விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றுக்காக 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகை) ஒன்று பின்னிருக்கைக்கு அடியில் தனியாக இருக்கிறது. வண்டி ஓடும்போது ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) இரண்டையும் இணைத்து, இன்ஜின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்நேட்டரிலிருந்தே இரண்டாவது பேட்டரிக்கும் சார்ஜ் ஏறும்படி அமைத்துக் கொடுத்தார்கள். கூரையில் 100 வாட் சோலார் தகடும் உண்டு.

கடந்த முறை கோவையில் வேலையை முடித்துக்கொண்டு, ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வால்பாறை போய்ச் சேர்ந்தபோது, வண்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடியிருந்தது. மாலை ஆறு மணிக்கு நிறுத்தினோம். இரவு மூன்று மணிக்குக் குளிர்பெட்டி நின்றுவிட்டது, விளக்கும் மங்கிவிட்டது. அம்மாவின் இன்சுலின் அந்தப் பெட்டிக்குள் இருந்ததால் அதன் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்ஜினைக் கிளப்பி அரை மணி நேரம் ஓடவிட்டேன். குளிர்பெட்டி சிறிது நேரம் ஓடி மறுபடியும் நின்றது.

ஊர் திரும்பியதும் கடையில் காட்டினேன். பேட்டரியின் வாயைக்கூடத் திறந்து பார்க்காமல், 'பேட்டரி போய்விட்டது, புதிது போட்டுவிடலாம்' என்கிறார்கள். வாங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. காசைக் கொட்டுவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் – திருப்பூர்

எங்கள் வண்டியிலும் இதே தொல்லை இருந்தது. டியூபுலரை எடுத்துவிட்டு 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி வைத்த பிறகு நிம்மதியாக இருக்கிறோம். எடையும் பாதிக்கு மேல் குறைந்தது. செலவு செய்ய முடியுமானால் அதையே செய்யுங்கள்.

பதில் – திருச்செங்கோடு

தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மின்வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'பேட்டரி போய்விட்டது' என்று என்னிடம் வந்தவற்றில் பல, சார்ஜ் போய்ச் சேராமல் பட்டினி கிடந்த பேட்டரிகள்தாம். அதே இணைப்பில் லித்தியத்தை வைத்தாலும் அதுவும் பட்டினிதான் கிடக்கும். இணைப்பு நன்றாக இருந்தால், அது இழுக்கும் வேகத்தில் ஆல்டர்நேட்டர் சூடேறிப் பழுதாகவும் கூடும். ஆகையால் இடையில் வோல்ட்டையும் ஆம்பியரையும் கட்டுப்படுத்தி ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் லித்தியத்தை நேரடியாக இணைக்கக் கூடாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் குளிர்பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். ஆனால் பாதி நேரம்தான் ஓடும் என்பதால் சராசரியாக 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டரை அணைக்காமல் விட்டிருந்தால், அதில் எதையும் மாட்டாவிட்டாலும் அது 1 ஆம்பியர் அளவுக்குத் தின்னும். விளக்கையும் விசிறியையும் சேர்த்தாலும் ஒன்பது மணி நேரத்தில் 35 ஆம்பியர்-ஹவரைத் தாண்டாது. நிறைந்த 150-க்கு அது கால் பங்குக்கும் குறைவு. ஆகவே, ஒன்று பேட்டரி தன் கொள்ளளவை இழந்திருக்க வேண்டும். அல்லது அது நிறையவே இல்லை. இரண்டில் எது என்பதை மூன்று அளவுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல ஓட்டத்துக்குப் பிறகு, சோலார் உட்பட எல்லாவற்றையும் துண்டித்து, நான்கைந்து மணி நேரம் கழித்து வோல்ட் பாருங்கள். நிறைந்த பேட்டரி 12.7 காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அடுத்து, ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்களின் திரவ அடர்த்தியையும் எடுங்கள். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் கெட்டுவிட்டது. அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரி. ஆறும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தால் பேட்டரி பசியோடு இருக்கிறது, அவ்வளவுதான். அமிலம் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் திறக்காதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு பேட்டரிகளிலும் வோல்ட் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், அது வழியில் எங்கே விழுகிறது என்று தேட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை முன் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையைப் பின் பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். பிறகு அதேபோல் இரண்டு நெகட்டிவ்களிலும் வையுங்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தும் கடைசிப் பாத்திக்கு வரவில்லை என்றால் வாய்க்கால் நெடுக நடந்துதானே பார்க்கிறோம்!

பதில் – கோபிசெட்டிபாளையம்

ஒரு சிறு சேர்க்கை. குளிர்பெட்டிக்குள் பேட்டரியைக் காக்கும் ஓர் அமைப்பு உண்டு; வோல்ட் குறைந்ததும் தானே நின்றுவிடும். எங்களுடையதில் அது உயர்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தது. பெட்டிக்குப் போகும் கம்பியும் மெல்லியதாக இருந்ததால், பேட்டரியில் 12 வோல்ட் இருந்தபோதே பெட்டி அணைந்துவிட்டது. குளிர்பெட்டியின் பிளக்கிலும் அதே நேரத்தில் ஒரு முறை அளந்து பாருங்கள், அண்ணா. இன்சுலினை உறையவிடவும் கூடாது. குளிரூட்டும் தகட்டை ஒட்டி வைக்காதீர்கள்.

கேட்டவர் – பொள்ளாச்சி

உங்கள் எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே உடுமலைப்பேட்டைக்கும் தாராபுரத்துக்கும் ஒரு சுற்றுப் போய்வந்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஐந்து மணி நேரம் கழித்து அளந்தேன்: 12.3 வோல்ட். செல்களில் ஐந்து 1.190-க்கும் 1.200-க்கும் இடையில் இருந்தன, ஒன்று 1.180.

இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரியில் 14.2, பின் பேட்டரியில் 13.1. கம்பியைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரில், பின் பேட்டரிக்கு 14 ஆம்பியர் ஓடியது. பாசிட்டிவ் பக்கம் 0.4 வோல்ட் விழுகிறது. நெகட்டிவ் பக்கம் 0.7. குளிர்பெட்டியின் பிளக்கில் பேட்டரியைவிட 0.2 மட்டுமே குறைவு. முன்னிருந்து பின்னுக்கு வரும் கம்பி 6 சதுர மில்லிமீட்டர், ஏழு மீட்டர் நீளம். நெகட்டிவுக்குத் தனிக் கம்பி இல்லை. ஒரு முழ நீளத்தில் சேஸிஸுக்கு (வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு) போல்ட் போட்டு எர்த் கொடுத்திருக்கிறார்கள்.

பதில் – திருச்செங்கோடு

விடை உங்கள் கையிலேயே இருக்கிறது, தம்பி. செல்கள் ஒன்றுபோல இருக்கின்றன, பேட்டரி போகவில்லை. ஒரு முழக் கம்பியிலும் இரும்புச் சட்டத்திலும் 0.7 வோல்ட் விழ நியாயமே இல்லை, அது 0.1-க்குள் இருக்க வேண்டும். அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அதன்பின் கை வையுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: எர்த்தைச் சரிசெய்ததும் ஆம்பியர் கூடும், கூடியதும் பாசிட்டிவ் கம்பியில் விழும் வோல்ட்டும் கூடும். ஆகவே அதோடு நிறுத்திவிடாமல், 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக மாற்றிவிடுங்கள். 6-இல் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லி ஓம் இருக்கும் தடை, 25-இல் 0.7-க்கு இறங்கிவிடும். உங்கள் வண்டி பழையது என்பதால் ஆல்டர்நேட்டர் ஒரே சீராக 14.2 கொடுக்கிறது. 2020-க்குப் பின் வந்த, பிஎஸ் 6 என்ற புகை விதிப்படியான வண்டிகள் பலவற்றில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கணினியே அந்த வோல்ட்டைக் குறைத்துவிடும். அவற்றுக்குக் கம்பியை மட்டும் மாற்றினால் போதாது, டிசி-டிசி சார்ஜர் கட்டாயம் வேண்டும்.

கேட்டவர் – பொள்ளாச்சி

அண்ணா, போல்ட்டைக் கழற்றியதும் எனக்கே புரிந்துவிட்டது. சேஸிஸின் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டாமலேயே மேலே லக்கை (கம்பி முனையின் உலோக வளையத்தை) வைத்து இறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரைகள் தொட்ட இடத்தில் மட்டும் இரும்பு தெரிந்தது. சுற்றிலும் செந்துரு பொருக்கு பொருக்காக எழும்பி, லக்கின் அடிப்பக்கம் பச்சைப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டு வெள்ளி போல மின்னும்வரை தேய்த்து, புதிய லக்கைக் கம்பியில் நசுக்கிப் பொருத்தி, இறுக்கிய பின் மேலே வாஸலின் தடவினேன். நெகட்டிவ் பக்கம் இப்போது 0.06.

நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது: ஆம்பியர் 22-க்கு ஏறியது, பாசிட்டிவ் பக்கம் 0.6 ஆகிவிட்டது. கம்பியை 25-க்கு மாற்றி, பழைய பியூஸ் தாங்கியையும் எடுத்துவிட்ட பிறகு, பின் பேட்டரியில் 13.9 வருகிறது. இவ்வளவு நாளும் அரை வயிற்றோடு இருந்த பேட்டரி என்பதால், வீட்டு மின்சாரத்தில் நல்ல சார்ஜர் போட்டு ஒரு பகல் ஓர் இரவு முழுவதும் ஏற்றினேன்; ஆறு செல்களும் 1.240-ஐத் தொட்டன.

நேற்று இரவு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, சோலாரைத் துண்டித்து, குளிர்பெட்டியை மட்டும் ஓடவிட்டுச் சோதித்தேன். மாலை ஆறு முதல் காலை ஏழு வரை நிற்கவே இல்லை, காலையில் 12.5 வோல்ட் இருந்தது. இனி இன்வெர்ட்டரை வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறோம். வால்பாறையில் மர நிழலில் நிறுத்தியதால் சோலாரும் கைகொடுக்கவில்லை என்பதும் இப்போதுதான் உறைக்கிறது.

பதில் – திருச்செங்கோடு

மிக்க மகிழ்ச்சி, தம்பி. பெரிய கம்பி போட்டுவிட்டீர்கள். அதன் இரண்டு முனைகளிலும் பேட்டரி இருக்கிறது. ஆகையால் முன் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பியூஸும், பின் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இன்னொன்றும் இருக்க வேண்டும். நடுவில் எங்கே உரசினாலும் இருபுறமும் எரிந்து காக்கும். டியூபுலர் பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும். பின்னிருக்கைக்கு அடியிலேயே அது இருப்பதால், பெட்டியை மூடி, அதன் மேற்பகுதியிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய் விட்ட பிறகே அடுத்த பயணம் கிளம்புங்கள். டிஸ்டில்டு வாட்டரின் அளவை மாதம் ஒரு முறை பாருங்கள். இனி சார்ஜ் நன்றாக ஏறுவதால் தண்ணீரும் முன்னைவிட வேகமாகக் குறையும்.