வாம்பயர் ப்ளட்லைன்ஸ் ஓப்பன் ஆகல, எடுத்த கம்பெனியும் இல்ல. என்ன பண்றது?

நள்ளிரவு_ரயில்:
வணக்கம். 2004-ல வந்த ‘வாம்பயர்: தி மாஸ்கரேட் – ப்ளட்லைன்ஸ்’ கேமை நேத்து இன்ஸ்டால் பண்ணேன். விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம். கிளிக் பண்ணா மெமரி போதலன்னு எர்ரர் காட்டி மூடிக்குது. இதைச் சரி பண்ற பேட்ச் தேடினா, கேமை எடுத்த ட்ராய்கா கேம்ஸ் கம்பெனியையே 2005-ல மூடிட்டாங்களாம். இப்படி ஒரு கேம் எடுத்தவங்க ஏன் மூடினாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_சிடி:
தம்பி, ரேம் கம்மின்னு இல்ல, கூடிப்போச்சு. இவ்வளவு ரேம் வரும்னு 2004-ல யாரும் நினைக்கல. வெர்னர் ஸ்பால்னு ஒரு ஜெர்மன்காரர் பல வருஷமா போட்டுட்டு வர்ற அன்அஃபிஷியல் பேட்ச் இருக்கு, அதைப் போடுங்க. பேஸிக்கா ப்ளஸ்ஸான்னு கேக்கும். பேஸிக் கோளாறை மட்டும் சரி பண்ணும், ப்ளஸ் கேம்ல வெட்டின பகுதிகளையும் சேர்க்கும். முதல் தடவைக்கு பேஸிக் போதும். கேமை ‘ப்ரோக்ராம் ஃபைல்ஸ்’ உள்ள வைக்காதீங்க, தனி ஃபோல்டர்ல வைங்க. ஜிஓஜி-ங்கிற ஆன்லைன் கேம் கடைல வாங்கியிருந்தா இந்த பேட்ச் சேர்ந்தே வந்திருக்கும்.

இருட்டுக்கடை:
கம்பெனி கதை நான் சொல்றேன். ஃபால்அவுட் கேம் எடுத்த டிம் கெய்ன், லெனார்ட் பொயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் மூணு பேரும் இன்டர்ப்ளே கம்பெனியை விட்டு வந்து 1998-ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சது. மொத்தமே மூணு கேம், மூணுக்கும் வேற வேற பப்ளிஷர் (பணம் போட்டு வெளியிடுற கம்பெனி): ஆர்கேனம் சியராவுக்கு, டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில் அடாரிக்கு, ப்ளட்லைன்ஸ் ஆக்டிவிஷனுக்கு. ஒவ்வொரு கேம் முடிஞ்சதும் அடுத்த பணத்துக்கு புதுசா ஒரு கதவைத் தட்டணும்.

ப்ளட்லைன்ஸுக்கு வால்வ் கம்பெனியோட சோர்ஸ் எஞ்சினை, அதாவது கேமை ஓட வைக்கிற அடிப்படை சாஃப்ட்வேரை எடுத்தாங்க. அந்த எஞ்சினே அப்போ பாதி வேலைலதான் இருந்துச்சு. வால்வோட சொந்த கேம் ஹாஃப்-லைஃப் 2 வர்றதுக்கு முன்னாடி இதை விக்கக்கூடாதுன்னு ஒப்பந்தம் வேற. கடைசியில 2004 நவம்பர் 16, ரெண்டும் ஒரே நாள்ல கடைக்கு வந்துச்சு. அந்தக் கூட்டத்துல இதை யாரு பார்ப்பா? அடுத்த கேமுக்கு டெமோ தயாரா வச்சிருந்தாங்க, பணம் போட ஆள் கிடைக்கல. பிப்ரவரில மூடிட்டாங்க. எனக்கு இன்னும் ஆறல.

பழைய_சிடி:
பக் நிறைய இருந்ததையும் சொல்லணும்ல. வந்த புதுசுல ஒரு மிஷன் முடிஞ்சு படகுல ஏறினா கேம் அப்படியே செத்துடும்.

இருட்டுக்கடை:
உண்மைதான் அண்ணே. ஆனா அவசரமா முடிச்சு அனுப்பின கேமுக்கு இன்னும் ஆறு மாசம் கிடைச்சிருந்தா அதெல்லாம் சரியாயிருக்கும்னு நினைக்கிறேன். கெய்னும் பொயார்ஸ்கியும் பிறகு அப்சிடியன் கம்பெனில சேர்ந்து 2019-ல தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் கேம் எடுத்தாங்க, அதையும் பாருங்க தம்பி.

நள்ளிரவு_ரயில்:
ரெண்டு அண்ணனுக்கும் நன்றி. டி டிரைவ்ல ஃபோல்டர் மாத்தி, பேஸிக் பேட்ச் போட்டேன், ஓப்பன் ஆயிடுச்சு. இப்போ கேம்ல சான்டா மோனிகால நிக்கிறேன்.

பழைய_சிடி:
ஓஷன் ஹவுஸ்ங்கிற பேய் ஹோட்டல் வரும்போது ஹெட்ஃபோன் மாட்டிக்குங்க. லைட்டை அணைச்சிடுங்க.