பெத்லகேம் குறவஞ்சி: ராகம், தாளக் குறிப்புள்ள பதிப்பு தேவை

பெத்லகேம் குறவஞ்சியை எழுதிய கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பற்றி ஒரு பாட்டும் பேச்சுமான நிகழ்ச்சி தயாரிக்கிறேன். நெல்லையில் பிறந்து, தஞ்சையில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். சரபோஜி மன்னர் அவருடைய பள்ளித் தோழர். பிரசங்கத்தையே காலட்சேபம் போலப் பாடிக்கொண்டு போனவர் என்பதால், வெறும் பேச்சாக நிகழ்ச்சி நடத்த மனசு வரவில்லை.

வாழ்க்கைக் குறிப்புகள் போதுமான அளவு கையில் இருக்கின்றன. சிக்கல் குறவஞ்சிப் பாட்டில்தான் (குறத்தி வந்து குறி சொல்லும் பாட்டு நாடகம்). என்னிடம் உள்ள மறுபதிப்பில் வரிகள் மட்டுமே. இணையத்தில் கிடைத்த ஸ்கேனில் குறத்தி வரும் இடத்தில் பக்கங்கள் விடுபட்டிருக்கின்றன. சர்ச் கீர்த்தனைப் புத்தகத்தில் அவருடைய தனிப் பாடல்கள்தான் உண்டு. யூடியூபில் ஆளுக்கு ஒரு மெட்டு (கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய மெட்டு எது?).

கிறிஸ்துமஸுக்கு முன் வேண்டும். தஞ்சை, சென்னை எங்கானாலும் நேரில் போய்ப் பார்ப்பேன்.

ராகம், தாளம் குறித்த பழைய பதிப்பை நீங்கள் எந்த நூலகத்தில் பார்த்திருக்கிறீர்கள்?