புதுப்பிப்பு: பழைய மோட்டார்ஹோமின் முன்பக்கத் தொய்வு சரியானது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: மோட்டார்ஹோமின் (தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) முன்பக்கம் இடதுபுறம் 45 மி.மீ. தாழ்ந்து, சிறு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் (ஸ்பிரிங் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடித்தது. ஸ்பிரிங் மாற்றலாமா, ஸ்பேசர் (உயரம் கூட்டும் இடைக்கட்டை) வைக்கலாமா?

இரண்டும் தேவைப்படவில்லை. "முதலில் காயில் (சுருள்) ஸ்பிரிங்குக்குள் எடையைத் தாங்க உதவும் காற்றுப் பைக்குச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. இடது பையின் வால்வு அடியில் நுரை கிளம்பியது. வலதுபுறம் கசிவில்லை, ஆனால் ஸ்பிரிங்கின் துருச் செதில் ரப்பரை அரித்திருந்ததால் இரண்டையும் மாற்றியாகிவிட்டது.

ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. சேஸை (வண்டியின் அடிச்சட்டம்) ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் காயில் விரியும். புதுப் பையின் காற்றை முழுக்கப் பிழிந்து, வால்வை மூடி, சுருட்டி உள்ளே தள்ளலாம். அதற்குமுன் காயிலின் உட்புறத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுங்கள். விட்டால் புதுப் பையும் அதே கதிதான். காற்றில்லாமல் வண்டியை இறக்கினால் பை நசுங்கிக் கிழியும். இருபுறமும் தனித்தனி வால்வு வையுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று மறுபக்கம் ஓடி வண்டி இன்னும் சாயும்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பிய நிலையில் பைகளின் காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ.; இரு பக்க உயரமும் 5 மி.மீ.க்குள் ஒத்துப்போகிறது.

எதிர்பாராதது: உயரம் கூடியதும் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறி, ஸ்டீயரிங் கோணலாக நின்றது. வீல் அலைன்மெண்டையும் ஹெட்லைட் கோணத்தையும் உயரம் சரியான பிறகு கடைசியில் பாருங்கள், முன்னதாகச் செய்தால் இரட்டைச் செலவு.