சில் ரூம் காயிலில் ஐஸ் கட்டுகிறது, ஃப்ரீசர் நன்றாக ஓடுகிறது: கேஸ் ஏற்றலாமா?

மண்டபம்_கோல்டுரூம்:
சின்ன மீன் கம்பெனி. ஒரே கம்ப்ரெசரில் இரண்டு ரூம், ஆர்404ஏ கேஸ். ஃப்ரீசர் மைனஸ் 18-இல் ஒழுங்காக நிற்கிறது. இறால் வைக்கும் சில் ரூம் 1 டிகிரியில் இருக்க வேண்டியது. ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஓட்டியதிலிருந்து காயில் (குளிர் தரும் குழாய்ச் சுருள்) முழுக்க ஐஸ், மேல்தட்டு இறால் விறைத்துப்போகிறது. மெக்கானிக் கேஸ் குறைவு என்கிறார். ஆனால் கேஸ் குறைந்தால் குமிழி தெரியும் சைட் கிளாஸில் (பைப்பில் உள்ள பார்வைக் கண்ணாடி) குமிழியே இல்லை.

உப்புக்காத்து:
ஏற்ற வேண்டாம் அண்ணே. கேஸ் குறைந்திருந்தால் ஃப்ரீசர் மைனஸ் 18 பிடிக்குமா?

சில் ரூம் காயிலிலிருந்து வெளியே வந்து கம்ப்ரெசருக்குப் போகும் சக்‌ஷன் பைப்பில், தலையில் மூடியோடு ஒரு வால்வு இருக்கும். அதுதான் ஈ.பி.ஆர்., காயில் பிரஷரைக் காக்கும் ரெகுலேட்டர். உள்ளே ஸ்பிரிங் அதை மூடப் பார்க்கும், காயில் பிரஷர் திறக்கப் பார்க்கும். பிரஷர் செட்டிங்குக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். ஃப்ரீசருக்காக கம்ப்ரெசர் 20 பி.எஸ்.ஐ. வாக்கில் இழுக்கிறது, அந்த பிரஷரில் காயில் மைனஸ் 25-க்குப் போய்விடும். சில் ரூமுக்கு 52 வாக்கில் நின்றால் மைனஸ் 8, அது போதும். வால்விலேயே கேஜ் மாட்டும் முனை உண்டு, அங்கே பாருங்கள்.

பாம்பன்_ஐஸ்:
கம்ப்ரெசர் பக்கமும் ஒரு ரெகுலேட்டர் உண்டே, எங்களுக்கு அதைத்தான் திருகினார்கள்.

உப்புக்காத்து:
அது கிராங்க்கேஸ் ரெகுலேட்டர் தம்பி. தனக்குப் பின்னால், கம்ப்ரெசர் பக்கத்து பிரஷரைப் பார்ப்பது. டிஃப்ராஸ்ட் (ஐஸ் உருக்குவது) முடிந்ததும் மோட்டார் ஓவர்லோட் ஆகாமல் காக்கும். ஈ.பி.ஆர். முன்னால் இருக்கும் காயிலைத்தான் பார்க்கும். இங்கே கிராங்க்கேஸ் ரெகுலேட்டரைத் தொட்டால் நன்றாக ஓடும் ஃப்ரீசரும் போச்சு.

மண்டபம்_கோல்டுரூம்:
மூடி உப்புப் பூத்து இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டுக் கழற்றினோம். கேஜில் 22. எவ்வளவு திருகினாலும் அசையவில்லை. தடைக்காலத்தில் அந்தப் பைப்பை வெட்டிப் பற்றவைத்தார்கள், அதனாலா?

உப்புக்காத்து:
அதுதான் எனக்கும் சந்தேகம். நைட்ரஜன் விடாமல் பற்றவைத்தால் பைப்புக்குள் கரி உதிரும், அது சீட்டில் (வால்வு அமர்ந்து மூடும் இடம்) மாட்டினால் வால்வு மூடாது. காயிலில் ஐஸ் இருந்தாலும் நல்ல வால்வு 22 வரை இறங்க விடாது.

புது வால்வு போடும்போது அதன் உடம்பில் ஈரத்துணி சுற்றிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஐஸ் முழுக்க உருகிய பிறகு செட் பண்ணுங்கள்: வலப்பக்கம் திருகினால் பிரஷர் ஏறும், கால் சுற்று திருகிப் பொறுத்து கேஜைப் பாருங்கள். அப்புறம், ஃப்ரீசர் காயிலிலிருந்து கேஸ் வெளியேறும் வாயில், கேஸைத் திரும்பிப் போக விடாத செக் வால்வு இருக்கிறதா?