கிரான்பெர்ரி சர்பத்தும் எங்கள் ஊர்த் தண்ணீரும்

கீழக்கரையிலிருந்து:

இந்த நோன்புக்கு மான்ட்ரியலில் இருந்து என் தம்பி குடும்பத்தோடு வந்திருக்கிறான். அவன் மகளுக்குப் பதினோரு வயது. நோன்புக் கஞ்சி, வடை, சப்ஜா விதை மிதக்கும் ரோஜா சர்பத் எல்லாவற்றையும் ஆசையாகத்தான் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமி, இங்கே கிரான்பெர்ரி கிடைக்குமா? வீட்டில் உம்மா அதில்தான் சர்பத் போடுவார்கள்" என்றாள். பிள்ளைக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. செய்து கொடுத்தே தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். இரண்டு முறை தோற்று மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. இங்கே வேறு யாராவது முயன்றால் பழம் வீணாகக் கூடாது என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

குளிர்நாட்டில் விளையும் இந்தச் சிவப்பான புளிப்புப் பழத்துக்குத் தமிழில் குருதிநெல்லி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர்தான், ஆனால் கடையில் கேட்டால் யாருக்கும் புரியாது. எங்கள் ஊரில் பேரீச்சம்பழக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே உலர்ந்த கிரான்பெர்ரி பாக்கெட் கிடைத்தது. முதல் தோல்வி அதில்தான். ஊறவைத்து, அரைத்து, வடிகட்டினால் மேலே எண்ணெய் மினுமினுத்தது. நிறம் வெளிறிப்போய், புளிப்பே இல்லாமல் இருந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிறகுதான் படித்தேன்: சர்க்கரை, சூரியகாந்தி எண்ணெய். பெரும்பாலும் பழத்தின் சாற்றை இறக்கிவிட்டுச் சர்க்கரையை ஏற்றித்தான் இதைக் காயவைக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவுகிறார்கள். கேக்குக்கும் பாயசத்துக்கும் அது போதும். சர்பத்துக்கு வேண்டிய சாறு அதில் ஏது?

சென்னையில் இருக்கும் என் மச்சானிடம் சொன்னேன். உறைய வைத்த பழம் இரண்டு கிலோ வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, இரவு ரயிலில் வந்த உறவினரிடம் கொடுத்தனுப்பினார். இராமநாதபுரம் ஸ்டேஷனில் போய் வாங்கி வந்தோம். நம் கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு போகிற அதே மாதிரிப் பெட்டி. எங்கள் உம்மா மூடியைத் திறக்கும் முன்பே, "என்ன மீன்?" என்று கேட்டார்கள்.

தம்பி மகள் ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். உள்ளே நான்கு சிறு அறைகள், அவை நிறையக் காற்று. அதனால்தான் பழம் தண்ணீரில் மிதக்கிறது. கியூபெக்கில் அறுவடை பார்த்திருக்கிறாளாம். செடி தரையில் படரும் கொடி மாதிரிதான். குளத்தில் வளர்வதாக நானும் நினைத்திருந்தேன், அது தவறு. இலையுதிர் காலத்தில் பறிக்கும்போது மட்டும் வயலில் தண்ணீரைத் தேக்கி, இயந்திரத்தால் கொடியை அலசிவிடுவார்கள். பழமெல்லாம் கழன்று மேலே வந்து வயல் முழுக்கச் சிவப்பாகிவிடும். அவள் சொல்லச் சொல்ல எங்கள் உம்மா வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோடையில் குடத்துக்குக் காத்திருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, பழம் பறிப்பதற்காக ஒரு வயலையே தண்ணீரால் நிரப்புவதைக் கேட்பது எங்களுக்கு அதிசயம்தான்.

இரண்டாவது தோல்வி முழுக்க என் தவறு. அலுமினியத் தேக்சாவில் ஒரு கிலோ பழத்தைப் போட்டு, நன்றாகச் சாறு இறங்கட்டும் என்று இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஊற்றியது வீட்டுப் போர்வெல்லின் உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் சமைக்கக் கூடாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். அன்று குடிதண்ணீர் வண்டி வரவில்லை, எப்படியும் கொதிக்கத்தானே போகிறது என்று நினைத்துவிட்டேன். கொதித்தால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடியது. அதிலிருந்த காரமும் (சுண்ணாம்பு போலப் புளிப்புக்கு எதிரான குணம்) நீண்ட கொதியும் சேர்ந்து பழத்தின் சிவப்பைக் கெடுத்து, கழுவிய கத்தரிக்காய்த் தோல் மாதிரி மங்கலாக்கிவிட்டது. இவ்வளவு புளிப்பான சாற்றை அலுமினியத்தில் வைத்ததால் உலோக வாடை வேறு. சர்க்கரையை அள்ளிப் போட்டும் நாக்கின் ஓரத்தில் கரித்தது. தம்பி மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது மாமி" என்றாள். அந்தப் பொய்தான் எனக்குத் தாங்கவில்லை.

மீதி ஒரு கிலோவை எடுக்கும் முன் தம்பி மனைவியை உட்கார்த்தி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சொன்னபடி செய்தது இது. எவர்சில்வர் பாத்திரம். ஒரு கிலோ பழத்துக்கு 700 மில்லி நல்ல தண்ணீர். மாடியில் ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து மூடி வைத்திருந்த மழைத்தண்ணீரைத்தான் ஊற்றினேன். மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பழம் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று வெடிக்கும், கடுகு தாளிப்பது போலக் கேட்கும். சத்தம் அடங்கியதும் மத்தால் லேசாக நசுக்கி, மல் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிழியக் கூடாது. பிழிந்தால் சாறு கலங்கும். சொட்டுச் சொட்டாக இறங்க மூன்று மணி நேரம் ஆனது. அளந்தால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் சர்க்கரை போட்டு, அது கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டேன். அவ்வளவுதான். என்ன நிறம் தெரியுமா! மாதுளை முத்தைக் கண்ணாடியாக்கியது போல இருந்தது. ஒரு பங்கு சாறுக்கு நான்கு பங்கு குளிர்ந்த தண்ணீர். கலக்குகிற தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், அங்கேயும் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

---

சாயல்குடிப் பக்கத்திலிருந்து:

அக்கா, தண்ணீர் பற்றி நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கம் கிரான்பெர்ரிக்கு வழியில்லை. நான் சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் செய்து பார்த்தேன். சிறுவயதில் ஆடு மேய்க்கப் போகும்போது பறித்துத் தின்று, வாயெல்லாம் சிவக்கச் சிவக்க வீட்டுக்கு வந்து அடி வாங்கிய பழம் அது.

கிடுக்கியால் பறித்துச் சாக்கில் போட்டு உருட்டி, பிறகு தீயில் வாட்டினால்தான் மேலே உள்ள பொடி முள் போகும். அது விரலில் ஏறினால் இரண்டு நாள் தூக்கம் இல்லை. உள்ளே நடுவில் நட்சத்திரம் போல ஒரு முள் இருக்கும், அதையும் எடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்குப் பழத்தை அப்படியே கொடுக்காதீர்கள்.

என் தவறு வேறு மாதிரி. கருப்பட்டி போட்டுப் பாகு பதம் வரும் வரை காய்ச்சினேன். ஊர்ப் பழத்துக்கு ஊர்க் கருப்பட்டி என்ற ஆசை. ருசி நன்றாக இருந்தது, நிறம் மட்டும் புளிக்குழம்பு போல ஆகிவிட்டது. கருப்பட்டியின் கறுப்பு பாதிக் காரணம். மீதிக் காரணம் தீ. பீட்ரூட்டில் இருக்கும் சாயத்தின் இனம்தான் கள்ளிப்பழத்திலும் இருக்கிறது. நீண்ட நேரம் சூடு பட்டால் அது சிதைந்துவிடும். கிரான்பெர்ரியின் சிவப்பு நாவல், சங்குப்பூ சாயத்தின் இனம். அதற்குக் காரம் ஆகாது, புளிப்பு இருந்தால் பிழைத்துக்கொள்ளும். அடுத்த முறை நான் வெள்ளைச் சர்க்கரைப் பாகைத் தனியாகக் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டிய பச்சைச் சாற்றையும் எலுமிச்சையையும் அதில் சேர்த்தேன். சிவப்பு அப்படியே நின்றது. ஒரு வாரத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும், அவ்வளவே.

---

மண்டபத்திலிருந்து:

இதே கிரான்பெர்ரி எனக்கு பாட்டிலுக்குள் உறைந்துவிட்டது! நன்னாரி சர்பத் மாதிரி அலமாரியில் கெடாமல் நிற்கட்டும் என்று லிட்டர் சாற்றுக்கு 1,700 கிராம் சர்க்கரை போட்டேன். மொத்தத்தில் நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருந்தால் எளிதில் கெடாது என்பது சர்பத் போடுகிறவர்கள் கணக்கு. மறுநாள் கவிழ்த்தால் சொட்டுகூட விழவில்லை. நன்னாரி வேர். அதன் கஷாயத்தில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் பாகாகவே இருக்கும். கிரான்பெர்ரியில் பெக்டின் (சாற்றை இறுகவைக்கும் பழச்சத்து) மிகுதி. பெக்டின், புளிப்பு, அவ்வளவு சர்க்கரை மூன்றும் சேர்ந்தால் ஜாம்தான். கத்தியால் தோண்டி பிரட்டில் தடவித் தின்று தீர்த்தோம்.

---

பாம்பனிலிருந்து:

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், தயவுசெய்து கவனியுங்கள். என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுக்கிறார்கள். நீர்க்கடுப்பு வந்தபோது, கிரான்பெர்ரி நல்லது என்று சொந்தக்காரர் ஒருவர் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து கொடுத்தார். அன்போடு செய்ததுதான். ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னபோது டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அந்த மாத்திரையின் வேகத்தை இது கூட்டக்கூடும் என்ற எச்சரிக்கை உண்டாம். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிற சிலருக்கு, மறுபடி வருவதைக் குறைக்கக் கிரான்பெர்ரி உதவும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. வந்துவிட்ட தொற்றை அது ஆற்றாது. அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. பாதிக்குப் பாதி சர்க்கரை போட்ட சர்பத்தை மருந்தென்று கொடுத்திருக்கிறோம். நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

---

கீழக்கரையிலிருந்து:

பாம்பன் சகோதரிக்கு நன்றி. எங்கள் வீட்டிலும் ரத்த அழுத்த மாத்திரை, இதய மாத்திரை போடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இதைப் படித்ததும் முதல் வேலையாக யார் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள் என்று கேட்டேன். நல்லவேளையாக யாருக்கும் வார்ஃபரின் இல்லை.

மண்டபத்துக்காரருக்கு: ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் கிலோவுக்கு மேல் சர்க்கரை வேண்டாம், பாகாகவே இருக்கும். எனக்கு மூன்று வாரம் தாங்கியது. வெயில் காலத்தில் கரண்ட் அடிக்கடி போகிற நாட்களில் சிறு சிறு பாட்டிலாக ஃபிரீசரில் போட்டுவிடுவது நல்லது.

சாயல்குடித் தம்பி சொன்ன சாய விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். மூன்று கிண்ணத்தில் கொஞ்சம் சர்பத். ஒன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். சிவப்பு ஊதாவாகி, பிறகு நீலம் பாய்ந்தது. இன்னொன்றில் எலுமிச்சை, சிவப்பு இன்னும் பளிச்சென்றது. மூன்றாவதில் எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கிண்ணம் நிறைகிற நேரத்தில் அந்தக் கத்தரிக்காய் நிறம் வந்துவிட்டது. "இது நாம் குளிக்கிற தண்ணீரா மாமி?" என்று தம்பி மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். சுண்ணாம்பு விட்டதைக் கொட்டிவிட்டோம். பிள்ளைகள் குடித்துவிடாமல் பக்கத்திலேயே இருங்கள்.

இன்னொன்று. இருபத்தேழாம் நோன்பன்று மிச்சமிருந்த சர்பத்தில் கடற்பாசி (தட்டில் இறுகும் ஜெல்லி இனிப்பு) காய்ச்சினேன். நம் கடலில் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வருகிற அகர்தான் இதற்கும் ஆதாரம். சர்பத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பு அதன் இறுகும் சக்தியைக் குறைத்துவிடும். தண்ணீரில் தனியாகக் கரையக் காய்ச்சி, இறக்கிய பிறகு, அறைச்சூட்டில் இருக்கும் சர்பத்தை ஊற்றிக் கலக்க வேண்டும். குளிர்ந்த சர்பத்தை ஊற்றினால் கட்டி தட்டும். தட்டில் ஊற்றி, இறுகியதும் டைமண்டாக வெட்டினேன். தேங்காய்ப்பால் சேர்த்த வெள்ளைக் கடற்பாசி இன்னொரு தட்டு. சிவப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி அடுக்கியது எங்கள் உம்மா.

பாங்கு சொல்லும் முன் தம்பி மகள் இரண்டு தட்டை ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கொடுக்கப் போனாள். திரும்பி வந்தவள் என்னிடம், "மாமி, எதிர்வீட்டு ராத்தா இது என்ன பழம் என்று கேட்டார்கள், நான் குருதிநெல்லி என்று சொல்லிவிட்டேன்" என்றாள். அந்தப் பெயரை எப்போது காதில் வாங்கினாள் என்றே தெரியவில்லை.

மழைத்தண்ணீர் டிரம் இப்போது காலியாகிவிட்டது. இந்த ஐப்பசிக்கு இன்னொரு டிரம் வாங்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.