‘ரன்னவுட்’டுக்குத் தமிழில் என்ன சொல்? – ஜாவா 250 கிராங்க் வேலையை முன்வைத்து

மடல் 1 – கையேட்டுத் தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

ஜாவா 250 எஞ்சினை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவதற்கான தமிழ்க் கையேட்டில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) அத்தியாயம் ஒரு சொல்லுக்காக நிற்கிறது. 65 மி.மீ. துளை, 75 மி.மீ. வீச்சு, 248.5 சி.சி. கொண்ட அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான். மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. இன்று அந்த வண்டியை வைத்திருப்பவர் பழைய கிராங்கையே மறுபடி ஏற்றி ஓட்ட வேண்டியிருக்கிறது. அதனால் இந்த அத்தியாயம் தெளிவாக இருந்தே ஆக வேண்டும்.

இந்தக் கிராங்க் ஒரே துண்டு அல்ல. இரண்டு பிளைவீல்கள், நடுவில் ஒரு பின். மூன்றும் பிரஸ்ஸில் இறுக்கிச் சேர்த்தவை, நட்டு கிடையாது. பிஸ்டனைப் பின்னோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மாற்றப் பிரித்துச் சேர்த்தால் இருபக்கத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமையாது. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் அளவி) வைத்துச் சுற்றினால் ஊசி ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ரன்னவுட். இந்தக் கையேட்டுக்கு நாம் வைத்திருக்கும் எல்லை 0.03 மி.மீ.

இதுவரை வந்த சொற்கள் மூன்று. ‘வெளியோட்டம்’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. எதுவோ வெளியே ஓடிவிட்டது போல ஒலிக்கிறது. ‘சுழற்சிப் பிழை’ மிகப் பொதுவானது, சுழலும்போது நேரும் எந்தக் கோளாறையும் அப்படிச் சொல்லலாம். ‘மையவிலகல்’ தவறாகவே வழிகாட்டும். கிராங்க் பின் தண்டின் மையத்திலிருந்து 37.5 மி.மீ. விலகித்தான் இருக்க வேண்டும், அந்த விலகல் இல்லாவிட்டால் பிஸ்டன் ஏறி இறங்காது. வேண்டிய விலகலுக்கும் வேண்டாத விலகலுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

வேறு சொல் உண்டா?

மடல் 2 – கடைசல் பட்டறை, கோவை

ஐயா, வணக்கம். சொல் சைக்கிள் கடையில் இருக்கிறது. ரிம் நேராக ஓடாவிட்டால் ‘கோட்டம் எடுக்கணும்’ என்றுதானே சொல்கிறோம்? சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு இடத்தில் விரலோ சாக்கட்டியோ நிலையாக வைத்து, எங்கே தொடுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பார்கள். டயல் கேஜ் செய்வதும் அதே வேலைதான், நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை. ரன்னவுட் கோட்டம் ஆகட்டும், அதைச் சரிசெய்யும் ட்ரூயிங் கோட்டம் எடுத்தல் ஆகட்டும்.

பட்டறையில் ‘எவ்வளவு அவுட்?’ என்றே பேச்சு ஓடுகிறது. ஆனால் ‘அவுட் எடுத்தல்’ என்று யாரும் சொல்வதில்லை. குறையையும் அதைத் தீர்க்கும் வேலையையும் ஒரே வேரிலிருந்து சொல்ல வசதி தருவது கோட்டம்தான்.

அத்தியாயத்தில் வேலை இப்படி வரலாம். பிரிப்பதற்கு முன்பே மூலைமட்டம் வைத்து இரண்டு பிளைவீல் விளிம்பிலும் குறுக்காக ஒரு கீறல் போட்டுவிட வேண்டும். சேர்க்கும்போது அந்தக் கீறல் பொருந்தினாலே பாதி வேலை முடிந்தது. பிரஸ்ஸில் ஏற்றும்போது ராடுக்கும் பிளைவீலுக்கும் நடுவே உரிய கன ஃபீலரை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) செருகி, அது சற்றே இறுக்கமாக உருவி வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பின்னுக்கு 90 பாகையில் இரண்டு விளிம்பின் மேலும் எஃகு அடிக்கோலை வைத்து, வெளிச்சம் தெரிகிறதா என்று இருபுறமும் பார்க்க வேண்டும். பிரஸ் வேலையை வெளியே கொடுத்துச் செய்யலாம். கோட்டம் எடுப்பதற்கு இரண்டு கூர்முனைத் தாங்கி, ஒரு டயல் கேஜ், ஒரு செம்புச் சுத்தி போதும், வீட்டிலேயே முடியும்.

தண்டு முனைகளில் உள்ள மையக்குழிகளை முதலில் துடைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள். யாராவது சுத்தியால் தண்டு முனையில் அடித்திருந்தால் குழியின் விளிம்பு மடங்கியிருக்கும், கேஜ் இல்லாத கோட்டத்தைக் காட்டும். அதை நம்பி அடித்தால் நல்ல கிராங்கும் கெடும்.

கேஜை ஒவ்வொரு தண்டிலும் பிளைவீலை ஒட்டி மேலிருந்து வையுங்கள். இடப்பக்க உச்சமும் வலப்பக்க உச்சமும் ஒன்றுக்கொன்று எதிராக, பின்னுக்கு 90 பாகையில் வந்தால் பிளைவீல்கள் பின்னைச் சுற்றித் திருகி நிற்கின்றன. கிராங்கை மையங்களிலிருந்து எடுத்துக் கையில் பிடித்து, உச்சம் காட்டிய இடத்தில் அந்தப் பக்கப் பிளைவீல் விளிம்பில் செம்புச் சுத்தியால் ஒரு அடி. மறுபடி ஏற்றிப் பார்த்து, தேவையானால் இன்னொரு அடி. மையங்களில் இருக்கும்போது அடித்தால் குழியும் முனையும் நசுங்கும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உச்சம் காட்டினால் அது வேறு வகை. பின் மேலே வரும்போது உச்சம் என்றால் பின்னுக்கு எதிர்ப்பக்கம் பிளைவீல்கள் நெருங்கிவிட்டன. அந்த இடைவெளியில் ஆப்பு வைத்துத் தட்ட வேண்டும். பின் கீழே இருக்கும்போது உச்சம் என்றால் அங்கே விரிந்திருக்கின்றன; அந்த இடத்தை வைஸில் பிடித்து நெருக்க வேண்டும்.

மடல் 3 – தமிழாசிரியர்

கோட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. இலக்கண அமைப்பிலும் அது உறுதியாக நிற்கிறது. ஆடு – ஆட்டம், ஓடு – ஓட்டம், வாடு – வாட்டம் என்பதுபோல கோடு என்ற வினையிலிருந்து கோட்டம். கோடுதல் என்றால் வளைதல், நேர்மையிலிருந்து சாய்தல். பாகங்களுக்கு நடுவே உள்ள தளர்வை, அதாவது ‘பிளே’ என்பதைப் பட்டறைகள் ஆட்டம் என்கின்றன அல்லவா? ஆட்டம், கோட்டம் என இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. கற்பவர் மனத்தில் இணையாகத் தங்கும்.

இரண்டு தடைகளையும் சொல்லிவிடுகிறேன். வருவாய்க் கோட்டம், வள்ளுவர் கோட்டம் என்று வேறு பொருள்கள் இருக்கின்றன. இது சிறு தடை. எஞ்சின் கையேட்டில் எவரும் வருவாய்க் கோட்டத்தைத் தேடமாட்டார்கள். இரண்டாவது தடையை நான் பெரிதாக நினைக்கிறேன். கோட்டம் என்றதும் ‘வளைந்திருக்கிறது’ என்றே பொருள் கொள்வோம். ஜாவா கிராங்கில் எந்தத் தண்டும் வளையவில்லை. நேரான இரண்டு தண்டுகள் ஒரே கோட்டில் அமையவில்லை, அவ்வளவே. நேரான கம்பியைக் கடைசல் எந்திரத்தில் சாய்த்துப் பிடித்தாலும் ஊசி ஆடும். ரன்னவுட் அளவில் தெரிவது. வளைவு அதற்குப் பல காரணங்களில் ஒன்று. காரணத்தின் பெயரை விளைவுக்கு வைக்கிறோமா?

அதனால் ‘சுழல்கோட்டம்’ என்று முன்மொழிகிறேன். சுழலும்போது மட்டும் வெளிப்படும் கோட்டம் என்று அது காட்டும். வினைக்கு மட்டும் ‘கோடிய தண்டு’ என்று எழுத வேண்டாம். கோடு போட்ட தண்டு என்று படிப்பார்கள். ‘கோட்டமுள்ள தண்டு’ போதும்.

மடல் 4 – கடைசல் பட்டறை, கோவை

ஆசிரியர் ஐயா, சைக்கிள் ரிம்மிலும் பெரும்பாலும் ரிம் வளைந்திருக்காது, ஸ்போக் இழுவிசை ஏறுமாறாக இருக்கும். ஆனாலும் கோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் கடைகளில் சொல் ஏற்கனவே வளைவிலிருந்து அளவுக்கு நகர்ந்துவிட்டது. ஆனாலும் தலைச்சொல்லாகச் சுழல்கோட்டம் இருக்கட்டும், பேச்சில் கோட்டம் போதும். ‘சுழல்கோட்டம் எடுத்தல்’ என்று யாரும் சொல்லப்போவதில்லை.

மடல் 5 – பழைய வண்டி மீட்பர், மதுரை

மடல் 2-இல் ஒரு திருத்தம் தேவை. வீட்டில் செய்பவர்களில் பலரிடம் கூர்முனைத் தாங்கி இருக்காது. இரண்டு வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்குகட்டை) மெயின் பேரிங் உட்காரும் இடங்களைத் தாங்கி, கேஜைத் தண்டின் வெளிமுனையில் வைப்பார்கள். அப்போது விதி தலைகீழாகும். வெளிமுனைகளில் தாங்கினால் நடுப்பகுதி விலகும். நடுவில் தாங்கினால் முனைகள் எதிர்த்திசையில் விலகும். வி-பிளாக் முறையில் பின் மேலே இருக்கும்போது இருபக்கமும் உச்சம் என்றால் பிளைவீல்கள் எதிர்ப்பக்கம் விரிந்திருக்கின்றன என்று பொருள். அங்கே ஆப்பு வைத்தால் கோட்டம் இரட்டிப்பாகும். திருகலிலும் அப்படியே: உச்சத்துக்கு எதிர் விளிம்பில் அடிக்க வேண்டும். இது கையேட்டில் இல்லாவிட்டால் படிப்பவர் முழுநாளும் தவறான திசையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆகவே அளவோடு தாங்கிய இடமும் எழுதப்பட வேண்டும்: ‘கூர்முனைக் கோட்டம் 0.03’, ‘வி-பிளாக் கோட்டம் 0.03’ என்று.

அடுத்தது ஆட்டமும் கோட்டமும். தேய்ந்த பழைய பேரிங்கிலேயே கிராங்கை வைத்துச் சுற்றி அளந்தால் பேரிங்கின் ஆட்டமும் ஊசியில் சேர்ந்து வரும். ஆட்டம் நிறுத்தி வைத்துக் கையால் அசைத்துப் பார்ப்பது. கோட்டம் சுற்றிப் பார்ப்பது. இந்த வேறுபாடு வரையறையிலேயே வரட்டும்.

எண்ணிலும் குழப்பம் வருகிறது. ஊசி மொத்தம் 0.06 நகர்ந்தால் அந்த இடத்தில் தண்டின் மையம் 0.03 தான் விலகியிருக்கிறது. ஒருவர் ஊசி நகர்வைச் சொல்வார், இன்னொருவர் அதன் பாதியைச் சொல்வார், ஒரே கிராங்க் நல்லதாகவும் கெட்டதாகவும் தெரியும். ஊசியின் முழு நகர்வுக்கு ‘ஊசிவீச்சு’ என்று பெயர் வைப்போம். கோட்டத்தின் அளவு எப்போதும் ஊசிவீச்சுதான் என்று உறுதிசெய்துவிட்டால், பாதி அளவுக்கு மையவிலகல் என்ற சொல்லை அதற்குரிய இடத்தில் பயன்படுத்தலாம்.

சிலிண்டர் தேய்ந்து நீள்வட்டமாவதை யாரும் கோட்டத்தில் சேர்க்க வேண்டாம். அது சுழலாத பொருளின் வடிவக்குறை, இரண்டு குறுக்களவுகளின் வேறுபாடு. ‘நீள்வட்டத் தேய்வு’ போதும்.

மடல் 6 – கையேட்டுத் தொகுப்பாளர்

வி-பிளாக் திருத்தத்துக்கு மிக்க நன்றி. காகிதத்தில் வரைந்து பார்த்தேன், சரியாக வருகிறது. இரண்டு முறைக்கும் தனித்தனிப் படம் போடுகிறேன்.

இப்போது இரு வகைக்கும் பெயர் வேண்டும். பின்னைச் சுற்றித் திரும்பி நிற்பதற்குத் ‘திருகுக் கோட்டம்’. விரிவதும் நெருங்குவதும் ஒரே குறையின் இரு திசைகள் என்பதால் ஒரு பெயர் போதும். தண்டுகள் இரண்டும் சேர்ந்து கவட்டை போல நிற்பதால் ‘கவட்டுக் கோட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘விரிகவடு’, ‘நெருங்குகவடு’ என்று திசையும் சொல்லலாம்.

மடல் 7 – பழைய வண்டி மீட்பர், மதுரை

கவட்டுக் கோட்டம் நன்று. காரணங்களையும் அந்தந்தப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள், அப்போதுதான் பெயர் உதவும். பிஸ்டன் ஜாம் ஆகி எஞ்சின் சட்டென்று நின்ற வண்டியில் திருகுக் கோட்டத்தைத் தேடுங்கள். பிளைவீல் சுழல முயல, ராடு நிற்க, பிடி நழுவும். கேஸிலிருந்து கிராங்கைச் சுத்தியால் அடித்துக் கழற்றியிருந்தாலும், உள்ளே அடித்து ஏற்றியிருந்தாலும் நெருங்குகவடு வரும். கேஸை ஏறத்தாழ 100 டிகிரி வரை சூடாக்கினால் பேரிங் தானே உட்காரும், அடிக்கத் தேவையில்லை.

பலமுறை பின் மாற்றிய பிளைவீலில் துளை தளர்ந்திருக்கும். அடித்தவுடன் கோட்டம் எளிதாகப் போய்விட்டால் மகிழ வேண்டாம். அதே எளிமையோடு திரும்பி வரும். பின் பிரஸ்ஸில் போதிய எதிர்ப்பு இல்லாமல் இறங்கினால் அந்தப் பிளைவீலை ஒதுக்குவதே சரி.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் வேண்டும். ஜாவாவில் டைனமோவின் சுழலும் பாகமான ஆர்மெச்சூர் கிராங்கின் வலமுனையிலேயே இருக்கிறது. கோட்டம் மிகுந்தால் சுற்றியுள்ள துருவங்களில் உரசித் தடம் போடும். இடப்பக்கம் பிரைமரி செயின் ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தளரும். அதே பக்க ஆயில் சீலின் உதடு தண்டைத் தொடர்ந்து பின்பற்ற முடியாமல் தேயும். பிறகு கிராங்க் கேஸ் கியர் ஆயிலை உள்ளிழுக்கும், சைலன்சரில் அடர்ந்த வெண்புகை வரும். பலர் சீலை மட்டும் மாற்றிவிட்டு, சில மாதத்தில் மறுபடி பிரிக்கிறார்கள்.

மடல் 8 – கையேட்டுத் தொகுப்பாளர்

கலைச்சொல் பட்டியலுக்கு அனுப்பும் வரைவு:

சுழல்கோட்டம் (வழக்கில் கோட்டம்): குறிப்பிட்ட இடங்களில் தாங்கிய தண்டையோ சக்கரத்தையோ ஒரு முழுச்சுற்று சுற்றும்போது டயல் கேஜ் காட்டும் ஊசிவீச்சு. தாங்கிய இடத்தையும் அளந்த இடத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

கோட்டம் எடுத்தல்: சுழல்கோட்டத்தை எல்லைக்குள் கொண்டுவரும் வேலை.

ஆட்டம்: நிலையாக உள்ள இரண்டு பாகங்களுக்கு நடுவே கையால் உணரும் தளர்வு.

பக்கவாட்டில் சக்கர முகம் ஆடுவதற்கு ‘முகக்கோட்டம்’ என்று வைத்திருக்கிறேன். சைக்கிள் கடையில் இதற்கும் மேல்கீழ்க் குதிப்புக்கும் வேறு வேறு சொல் வழங்கினால், அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். கடையின் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.