பால் கட்டிக்கிச்சு, குழந்தை பிடிக்கமாட்டேங்குது, அவசரம்

கோத்தகிரி_தாய்: இடது பக்கம் கல்லு மாதிரி இருக்கு. வாய் வச்ச உடனே விட்டுட்டு அழுவுது. அத்தை வெந்நீர் ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருக்காங்க, வீக்கம் ஏறுது. பவுடர் பால் குடுத்துடலாமா?

குன்னூர்க்காரி: பிறந்து எத்தனை நாள் ஆச்சும்மா? உங்களுக்குக் காய்ச்சல் இருக்கா? குழந்தை ஒண்ணுக்கு எத்தனை தடவை போகுது?

பழைய_உறுப்பினர்: இந்த மூணு விவரமும் இல்லாம யாரும் பதில் சொல்ல முடியாது. முகப்புல இருக்கிற குறிப்பைப் படிச்சிட்டுக் கேட்கிற பழக்கம் யாருக்கும் வரல.

ஊட்டி_தோட்டம்: முட்டைக்கோஸ் இலை வைங்க. குளிர்ந்த இலை, காம்பு மூடாம, 20 நிமிஷம்.

குன்னூர்க்காரி: அதுல குளிர்ச்சிதாங்க வேலை செய்யுது. கோஸுக்குப் பூச்சிமருந்து அடிச்சிருப்பாங்க. ஈரத்துணியே போதும்.

கோத்தகிரி_தாய்: 4 நாள். காய்ச்சல் பார்க்கல.

தாய்சேய்_நர்ஸ்: 3, 4ஆம் நாள்ல பால் இறங்கும்போது ரத்தமும் நீரும் சேர்ந்து வீங்கும். காம்பைச் சுத்தின கருவட்டம் இறுகிட்டா குழந்தைக்கு வாயில பிடிபடாது. அதை முதல்ல இளக்கணும். ரெண்டு கை விரல்நுனியையும் காம்போட அடியைச் சுத்தி வச்சு, நெஞ்சுப் பக்கமா ஒரு நிமிஷம் மெதுவா அழுத்துங்க. விரலை இடம் மாத்தி இன்னொரு தடவை. உடனே குழந்தையை வைங்க: மூக்குக்கு நேரே காம்பு, வாய் அகலமாத் திறக்கும்போது அணைக்கணும், தாடை மார்புல பதியணும். அப்பவும் பிடிக்கலைன்னா, கையால பீச்சி, தண்ணியில கொதிக்கவச்ச பாலாடையில (மூக்கு வச்ச சின்னக் கிண்ணம்) குடுங்க. பவுடர் வேண்டாம். மார்பு காலியாகாட்டி இன்னும் கட்டும், பால் சுரக்கிறதும் குறையும்.

வெந்நீர் ஒத்தடம், பால் குடுக்கிறதுக்கு முன்னாடி 2, 3 நிமிஷம் மட்டும். பால் குடுத்து முடிச்சதும் குளிர்ந்த துணி 10 நிமிஷம். நாள்பூரா சூடு வச்சா ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும்.

ஊட்டி_தோட்டம்: இந்தக் குளிர்ல பச்சைத்தண்ணித் துணியா? பிள்ளைக்குச் சளி பிடிக்கும்!

தாய்சேய்_நர்ஸ்: பால் உடம்புச் சூட்டுலதாங்க வரும், துணியால குளிராது. சளி கிருமியால வருது. முதுகுக்குச் சால்வை போர்த்திக்கட்டும்.

ஊட்டி_தோட்டம்: எங்க பக்கத்துப் பெரியவங்க எல்லாரும் தணல் வச்சுத்தான் வளர்த்தாங்க.

பழைய_உறுப்பினர்: அறைக்கு வச்சாங்க, மார்புக்கு இல்ல. மூடின அறையில கரித்தணல் புகையும் ஆபத்து. கேள்விக்கு வாங்க. கட்டியை அழுத்திப் பிசையவும் கூடாது, உள்ளே புண்ணாகும்.

தாய்சேய்_நர்ஸ்: ஆமா, பிசையாதீங்க. காய்ச்சல் 101க்கு மேல போனா, குளிர் நடுக்கம் வந்தா, சிவந்த பட்டை தெரிஞ்சா இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. அந்தப் பக்கமும் பால் குடுக்கலாம், நிறுத்தக்கூடாது. குழந்தை 4ஆம் நாள்ல குறைஞ்சது 4 தடவை ஒண்ணுக்குப் போகணும், 5ஆம் நாளிலிருந்து 6. எழுப்பினாலும் குடிக்காம தூங்கிக்கிட்டே இருந்தா ராத்திரின்னு பார்க்காதீங்க, 108.

குன்னூர்க்காரி: ஒண்ணுக்கு எத்தனை தடவைன்னு இன்னும் சொல்லலையேம்மா?

கோத்தகிரி_தாய்: காலையிலிருந்து 3. அழுத்தினதும் பிடிச்சிடுச்சு, வலது பக்கமும் குடிச்சான். காய்ச்சல் 99. நாளைக்கு கிராம நர்ஸ் அக்கா வராங்க, எடை பார்க்கச் சொல்றேன்.